விடைக்குறிப்பும் சரி, உங்கள் விடையும் சரி: தவறு கேள்வியில் இருக்கிறது

கடிதம் எழுதியிருப்பவர் ரயில்வேயில் சிக்னல் டெக்னீஷியன். ஜூனியர் இன்ஜினீயர் பதவி உயர்வுக்கான துறைத் தேர்வைக் கணினி வழியில் எழுதியிருக்கிறார். நூறு கேள்விகள், நூறு மதிப்பெண்கள், தவறான ஒவ்வொரு விடைக்கும் மூன்றில் ஒரு மதிப்பெண் கழிவு. தேர்ச்சிக்கு 60 வேண்டும். இவருக்குக் கிடைத்தது 58.67. அறிவிக்கப்பட்ட ஒன்பது இடங்களில் ஏழுதான் நிரம்பின. தகுதியான மதிப்பெண் பெற்றவர் இல்லை என்று இரண்டு இடங்களைக் காலியாக விட்டுவிட்டார்கள்.

இரண்டு கேள்விகளுக்கு விடைக்குறிப்பு தவறு என்கிறார். ஒன்று, மல்டிபிள் ஆஸ்பெக்ட் சிக்னலிங்கில் (சிக்னல் இரண்டுக்கு மேற்பட்ட நிலைகளைக் காட்டும் முறை) ‘அடிக்குவேட் டிஸ்டன்ஸ்’, அதாவது பாதுகாப்புக்காகப் பாதை காலியாக இருக்க வேண்டிய தூரம், குறைந்தது எவ்வளவு என்ற கேள்வி. இவர் 120 மீட்டரைத் தேர்ந்தெடுத்தார். விடைக்குறிப்பு 180 என்றது. மற்றொன்று, டிஸ்டன்ட், இன்னர் டிஸ்டன்ட் (முன்னால் வரும் சிக்னலை ஓட்டுநருக்கு முன்கூட்டியே அறிவிப்பவை) இரண்டும் உள்ள இடத்தில் டிஸ்டன்ட் சிக்னலின் இயல்பு நிலை எது என்ற கேள்வி. இவர் ‘காஷன்’ (ஒற்றை மஞ்சள்) என்று குறித்தார். விடைக்குறிப்பு ‘அட்டென்ஷன்’ (இரட்டை மஞ்சள்) என்றது. உத்தேச விடைக்குறிப்பு வந்தபோது ஆட்சேபணை தெரிவிக்கவில்லை. உடன் எழுதிய சிலர் முதல் கேள்விக்கு ஆட்சேபணை பதிவு செய்திருந்ததால், அதுவே போதும் என்று இருந்துவிட்டாராம். இறுதி விடைக்குறிப்பில் எதுவும் மாறவில்லை. முடிவு வந்து ஏழு மாதமாகிறது. முதுநிலைக் கோட்டப் பணியாளர் அலுவலருக்கு மனு கொடுத்து ஐந்து மாதமாகிறது, பதில் இல்லை.

“இன்னும் இரண்டு நினைவூட்டல் அனுப்பிவிட்டு வழக்குப் போடலாம் என்கிறார் சங்கத்துச் செயலாளர். எங்கள் தொகுதி எம்.பி.யிடம் கடிதம் வாங்கலாம் என்கிறார் மைத்துனர். கேள்வியை வாட்ஸ்அப்பில் பரப்பினால் தானாக அசைவார்கள் என்கிறார்கள் நண்பர்கள். அந்தக் கேள்வியை ரத்து செய்தாலே எனக்குப் போதும். உயர் நீதிமன்றத்தில் உடனே வழக்குத் தொடர முடியுமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வழக்கில் உயிர் இருக்கிறது. ஆனால் அது நீங்கள் கைவைத்திருக்கும் இடத்தில் இல்லை. விடைக்குறிப்பு தவறு என்று தொடங்குகிறீர்கள். கேள்வியை ரத்து செய்தால் போதும் என்று முடிக்கிறீர்கள். அப்படியே வழக்குத் தொடர்ந்தால் முதல் வாதத்தில் தோற்பீர்கள். தப்பித்தவறி வென்றாலும் இரண்டாவது கோரிக்கை உங்களைத் தேர்ச்சிக்கு வெளியிலேயே நிறுத்திவிடும். இரண்டையும் விளக்குகிறேன்.

முதலில் அந்த 120, 180 விவகாரம். சிக்னல் என் தொழில் அல்ல. ஆனால் ரயில்வே பணியாளர் வழக்குகளை நடத்துகிறவன் மேசையில் ரயில் இயக்கத்துக்கான பொது விதிகள் புத்தகம் இல்லாமல் முடியாது. அதில் அடிக்குவேட் டிஸ்டன்ஸ் என்ற அதே சொல் இரண்டு இடங்களில், இரண்டு வேலைகளுக்கு வருகிறது. விதி 3.40, நிலையத்துக்குள் ரயிலை விடும் ஹோம் சிக்னலை ஆஃப் செய்வதற்கான, அதாவது ரயில் கடக்கலாம் என்று காட்டுவதற்கான, நிபந்தனைகளைச் சொல்வது. ரயில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் பாதை காலியாக இருக்க வேண்டும் என்பது அங்கே பேச்சு. இரண்டு ஆஸ்பெக்ட் சிக்னலிங்கில் 180 மீட்டர், மல்டிபிள் ஆஸ்பெக்டில் 120 மீட்டர். உங்கள் துறையில் சிக்னல் ஓவர்லாப் என்பீர்கள். விதி 8.01, அடுத்த நிலையத்துக்கு லைன் கிளியர், அதாவது அங்கிருந்து ரயிலை அனுப்பலாம் என்ற அனுமதி, கொடுப்பதற்கான நிபந்தனை. முதல் ஸ்டாப் சிக்னலைத் தாண்டி எவ்வளவு காலியாக இருக்க வேண்டும் என்பது அங்கே கேள்வி. இரண்டு ஆஸ்பெக்டில் 400 மீட்டர், மல்டிபிள் ஆஸ்பெக்டில் 180 மீட்டர். இது பிளாக் ஓவர்லாப்.

ஆக, மல்டிபிள் ஆஸ்பெக்ட் என்று மட்டும் சொல்லி, எந்தச் சூழலுக்கு என்று சொல்லாமல் கேட்டால், 120-ம் சரி, 180-ம் சரி. உங்கள் கடிதத்தின்படி விடைப் பட்டியலில் இரண்டும் இருந்தன. ஒரு ரயிலுக்கும் இன்னொரு ரயிலுக்கும் நடுவே அறுபது மீட்டர் விட்டுப்போகக் கூடாது என்று பயிற்சி பெற்றவர்களுக்கு வைத்த தேர்வில், எந்த விதியைக் கேட்கிறோம் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். வேடிக்கைதான், ஆனால் வேடிக்கை சட்டப்படி வாதம் ஆகாது.

ஏனென்றால், 180 என்ற விடையைத் தவறு என்று உங்களால் நிரூபிக்க முடியாது. அது விதிப் புத்தகத்தில் இருக்கிறது.

நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

1983-இல் கான்பூர் பல்கலைக்கழகம் எதிர் சமீர் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல்தான் இன்றும் அடிப்படை. விடைக்குறிப்பு சரி என்றே அனுமானிக்க வேண்டும். அது தவறு என்பவர், சுற்றி வளைத்து வாதாடிப் புரியவைக்கும் நிலை இல்லாமல், பார்த்த மாத்திரத்தில் தெரியும்படி நிரூபிக்க வேண்டும். அந்தப் பாடத்தை நன்கறிந்த நியாயமான எவரும் அந்த விடையைச் சரியென்று ஏற்க மாட்டார் என்ற அளவுக்கு அது வெளிப்படையாக இருக்க வேண்டும். 2017-இல் ரண் விஜய் சிங் எதிர் உத்தரப் பிரதேச அரசு வழக்கில் இதையே இன்னும் இறுக்கினார்கள். விடைத்தாளை மறுமதிப்பீடு செய்ய விதி அனுமதிக்கிறதா என்பது முதல் கேள்வி. அனுமதிக்காவிட்டால் அரிதான நேர்வில் மட்டுமே நீதிமன்றம் தலையிடும். விடைகளை நீதிபதிகளே சரிபார்க்கும் வேலையில் இறங்கக் கூடாது. ஐயம் எழுந்தால் அதன் பலன் தேர்வு நடத்திய அமைப்புக்கே, தேர்வருக்கு அல்ல. குற்ற வழக்கில் ஐயத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் போகும் என்று கேட்டுப் பழகிய பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். தேர்வு வழக்கில் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது.

இந்த அளவுகோலில் உங்கள் இரண்டாவது கேள்வியை நிறுத்திப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்டன்ட் சிக்னல்கள் இருக்கும் இடத்தில், வெளியே முதலில் வருவது டிஸ்டன்ட், உள்ளே இருப்பது இன்னர் டிஸ்டன்ட். அந்த வெளி டிஸ்டன்ட் அட்டென்ஷன் அல்லது புரொசீட் மட்டுமே காட்டக்கூடியது என்று விதி 3.07 சொல்கிறது. காஷன் காட்டவே முடியாத சிக்னலுக்குக் காஷன் எப்படி இயல்பு நிலையாகும்? ஒற்றை டிஸ்டன்ட் உள்ள நிலையத்துக்குத்தான் உங்கள் விடை பொருந்தும். அவசரத்தில் ‘இன்னர் டிஸ்டன்ட்’ என்ற சொல்லைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். வழிகாட்டிப் புத்தகம் ஒன்றில் காஷன் என்று அச்சிட்டிருப்பதாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தின் தலைப்பைக் கவனித்தீர்களா? அது ஒற்றை டிஸ்டன்ட் பற்றிய பகுதி. தயவுசெய்து இந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு மனுவில் பலமான புகாரும் சொத்தையான புகாரும் அருகருகே இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொத்தையைத்தான் முதலில் எடுத்துப் பேசுவார். அது உடைந்ததும் மற்றதையும் நீதிபதி அதே கண்ணோடு பார்ப்பார்.

மீதி இருப்பது ஒரே ஒரு கேள்வி. அதில் உங்கள் நிலைப்பாடு ‘விடைக்குறிப்பு தவறு’ என்று இருக்கக் கூடாது. ‘விதிப்படி இரண்டு விடைகள் சரியாகும் கேள்வியில் ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்து, மற்றதற்குக் கழித்திருக்கிறார்கள்’ என்று இருக்க வேண்டும். இதற்கு நிபுணர் விளக்கம் தேவையில்லை. விதி 3.40-ஐயும் விதி 8.01-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்; இரண்டும் ரயில்வேயே வெளியிட்டவை. சுற்றி வளைக்காமல் நிரூபிக்க வேண்டும் என்ற கான்பூர் அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான ஆதாரம் கிடைப்பது கடினம்.

ஒரு நிபந்தனை உண்டு. கேள்வியின் முழு வாசகத்தை நீங்கள் நினைவிலிருந்துதான் எழுதியிருக்கிறீர்கள். அதில் ‘லைன் கிளியர்’ என்ற சொல் எங்காவது இருந்திருந்தால் 180 மட்டுமே சரி; இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு அடுத்த தேர்வுக்குப் படிக்கலாம். ‘ஹோம் சிக்னல்’ இருந்திருந்தால் 120 மட்டுமே சரி. அப்போது விடைக்குறிப்பே வெளிப்படையாகத் தவறு, உங்கள் வழக்கு இரும்பு. இரண்டும் இல்லாவிட்டால்தான் நான் மேலே சொன்னது. எனவே உங்கள் விடைப்பதிவுத் தாளின் (கேள்விகளோடு நீங்கள் குறித்த விடைகளும் இருக்கும் பதிவு) நகலை முதலில் கையில் வாங்குங்கள். உங்கள் மண்டலத்தின் துணை விதிகளையும், பொது விதிகளுக்குப் பின்னர் வந்த திருத்தச் சீட்டுகளையும் பார்த்துவிடுங்கள். தேர்வு நாளில் நடைமுறையில் இருந்த வாசகம்தான் கணக்கு. செகந்திராபாத்தில் உள்ள ரயில்வேயின் சிக்னல் பயிற்சி நிறுவனமான இரிசெட்டின் பயிற்சிக் குறிப்புகளில் சிக்னல் ஓவர்லாப், பிளாக் ஓவர்லாப் இரண்டையும் தனித்தனியாக விளக்கியிருப்பார்கள்; ரயில்வே தன் ஊழியர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்பதற்கு அது நல்ல துணை ஆவணம். தனியார் வழிகாட்டி நூல்களை மனுவில் இணைக்க வேண்டாம்.

ரத்து என்று கேட்காதீர்கள்: கணக்கைப் பாருங்கள்

உங்கள் மதிப்பெண் பட்டியலின்படி 66 சரி, 22 தவறு, 12 எழுதவில்லை. 66-இல் 7.33 கழிந்து 58.67.

கேள்வியை ரத்து செய்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்வி உங்கள் தவறுகளில் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது. அது போனால் தவறு 21, கழிவு 7, மதிப்பெண் 59. மொத்தமும் 99 ஆகிறது. 99-க்கு 59 என்பது 59.6 விழுக்காடு. தோல்விதான். அதை 60 என்று முழுமையாக்கிக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். விதியில் இடம் இல்லாதபோது மதிப்பெண்ணை மேல்நோக்கி முழுமையாக்க முடியாது என்று 2011-இல் ஒடிசா பொதுப்பணித் தேர்வாணையம் எதிர் ரூபாஸ்ரீ சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. அங்கே அந்தப் பெண்ணுக்கு இருந்தது 44.93, தேவைப்பட்டது 45.

இரண்டு விடைகளையும் ஏற்றால்? சரி 67, தவறு 21, கழிவு 7. சரியாக 60. அந்தக் கேள்விக்கு விடை எழுதிய எல்லோருக்கும் மதிப்பெண் என்று முடிவெடுத்தாலும் உங்களுக்கு அதே 60.

ஒரே புகார், மூன்று தீர்வுகள். அவற்றில் ஒன்று உங்களை வெளியே தள்ளுகிறது. நீங்கள் கேட்டிருப்பது அதைத்தான். சிக்கல் என்னவென்றால், குழப்பமான கேள்விகளை மதிப்பீட்டிலிருந்து விலக்கிவிடலாம் என்ற யோசனையும் அதே கான்பூர் தீர்ப்பில் இருக்கிறது. ரயில்வே தரப்பு வழக்கறிஞர் திறமையானவராக இருந்தால், “சரி, கேள்வி குழப்பம்தான், விலக்கிவிடுகிறோம்” என்று முதல் நாளே ஒப்புக்கொண்டு உங்களை மடக்கிவிடுவார். இந்த ஆபத்து உண்மையானது. மறைத்துச் சொல்லி உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு விருப்பமில்லை.

இதற்குப் பதில் இப்படி இருக்கலாம். விலக்குவது, கேள்வியே பிழையாகி எந்த விடையும் பொருந்தாதபோது நியாயம். இங்கே விதி தெரிந்தவர்கள் இரண்டு தரப்பாக இருக்கிறார்கள். இரு தரப்பினரும் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். விலக்கினால் 180 எழுதியவரும் பெற்ற மதிப்பெண்ணை இழப்பார். அவர்களில் யாராவது தேர்வு பெற்ற ஏழு பேரில் 60-ஐ ஒட்டி நிற்பவராக இருந்தால் அவருடைய தேர்ச்சியே போய்விடும். இரண்டையும் ஏற்றால் யாருக்கும் இழப்பில்லை. இரண்டு இடங்களும் காலியாகவே இருக்கின்றன. யாரையும் வெளியேற்றாமல் கொடுக்கக்கூடிய நிவாரணத்தை, உங்கள் வழக்கை முதலில் விசாரிக்கப்போகும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் தயங்காமல் கொடுக்கும். 2013-இல் ராஜேஷ்குமார் எதிர் பீகார் அரசு வழக்கு கிட்டத்தட்ட உங்கள் உலகத்தைச் சேர்ந்தது. அதுவும் ஜூனியர் இன்ஜினீயர் தேர்வுதான், சிவில் பிரிவு. விடைக்குறிப்பில் ஏராளமான பிழைகள் இருந்தன. திருத்திய விடைக்குறிப்பைக் கொண்டு மறுமதிப்பீடு செய்யச் சொன்ன உச்ச நீதிமன்றம், பிழைக்குக் காரணமில்லாமல் ஏற்கெனவே வேலையில் சேர்ந்தவர்களை வெளியேற்ற வேண்டாம் என்றும் சொன்னது. உங்கள் மனுவின் நடுப்பகுதியில் நிற்க வேண்டியது இந்தத் தீர்ப்பு.

எனவே கோரிக்கை இப்படி அமையட்டும்: அந்தக் கேள்வியைத் தயாரித்தவர் அல்லாத, சிக்னல் துறை அலுவலர்கள் கொண்ட குழு விதி 3.40-ஐயும் விதி 8.01-ஐயும் வைத்து அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். இரண்டு விடைகளும் சரி என்று கண்டால் இரண்டையும் ஏற்று முடிவைத் திருத்த வேண்டும். அதுவரை காலியான இடங்களில் ஒன்றை நிரப்பாமல் வைத்திருக்க வேண்டும். நீதிபதியே உங்களுக்கு 1.33 மதிப்பெண் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டால் ரண் விஜய் சிங் தீர்ப்பைக் காட்டி மனுவைத் தள்ளிவிடுவார்கள். குழுவுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்பது எளிதில் கிடைக்கும். தேர்வையே ரத்து செய்யும் எண்ணத்தைக் கிட்டவே சேர்க்காதீர்கள். ஒரு கேள்விப் பிழைக்காக ஒரு தேர்வு ரத்தாகாது.

ஆட்சேபணை தெரிவிக்காமல் விட்டது

இது உங்கள் வழக்கின் பலவீனமான மூட்டு. வாய்ப்புக் கொடுத்தபோது பேசாமல் இருந்துவிட்டு முடிவு பாதகமானதும் வருகிறார் என்பார்கள். வேறொருவர் ஆட்சேபணை தெரிவித்தது உங்கள் ஆட்சேபணை ஆகாது. ஆனால் முழுதும் அடைபட்ட வழியும் இல்லை. அதே கேள்விக்கு ஆட்சேபணை வந்தது, அதை நிர்வாகம் பரிசீலித்தது, நிராகரித்தது என்றால், பிரச்சினை நிர்வாகத்தின் கவனத்துக்கு உரிய காலத்திலேயே வந்துவிட்டது என்று பொருள். அதை ஆவணமாக நிறுவ வேண்டும்.

அதற்குத்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். உங்கள் சொந்த விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு என்று 2011-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. அதே தீர்ப்பு இரண்டு எல்லைகளையும் போட்டது: மதிப்பிட்டவர் யார் என்ற அடையாளம் கிடைக்காது, கோப்பில் இல்லாத கருத்தையோ விளக்கத்தையோ உருவாக்கித் தரச் சொல்லவும் முடியாது. “எந்த அடிப்படையில் 120-ஐ ஏற்கவில்லை, விளக்கம் தருக” என்று நீங்கள் ஏற்கெனவே எழுதியிருக்கும் வரைவு இந்தக் காரணத்தால்தான் வெறுங்கையோடு திரும்பும். அதற்குப் பதிலாகக் கேளுங்கள்: என் விடைப்பதிவுத் தாளின் நகல், இந்த எண்ணுள்ள கேள்விக்கு வந்த ஆட்சேபணைகளின் எண்ணிக்கை, அவற்றின் மீது குழு எழுதிய குறிப்பின் நகல் (பெயர்களை மறைத்து), ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாகும் கேள்விகளை எப்படிக் கையாள்வது என்ற வழிகாட்டு உத்தரவின் நகல். மறுத்தால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அங்கும் கிடைக்காவிட்டால் கவலை இல்லை. அசல் கோப்பைக் கொண்டுவரச் சொல்லத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

வழிகாட்டு உத்தரவைப் பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். பிழையான கேள்விக்கு எல்லோருக்கும் மதிப்பெண் என்று அதில் எழுதியிருந்தால், ‘விலக்கிவிடுகிறோம்’ என்ற தந்திரம் அங்கேயே முறிந்துவிடும்.

எங்கே, எப்போது?

பணியில் இருக்கும் ரயில்வே ஊழியர் பதவி உயர்வு விவகாரத்துக்கு நேராக உயர் நீதிமன்றம் போக முடியாது. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்தான் முதல் படி; அதன் தீர்ப்புக்கு எதிராகத்தான் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு. 1997-இல் எல். சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வரிசை இது. தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 50 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே ஆஜராகலாம். ஆனால் கோரிக்கை வாசகத்திலேயே வழக்கு நிற்கவோ விழவோ போகிறது என்பதால், வரைவையாவது பணிச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

காலவரம்பு விஷயத்தில் உங்கள் சங்கச் செயலாளர் சொல்வது ஆபத்தான ஆலோசனை. நல்லெண்ணத்தில் சொல்கிறார், ஆனால் நினைவூட்டல் அனுப்பினால் காலம் நீளும் என்பது அலுவலகங்களில் உலவும் நம்பிக்கை மட்டுமே. 1985-ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின் 20, 21-ஆம் பிரிவுகள் சொல்வது இதுதான்: மனு கொடுத்து ஆறு மாதம் பதில் வராவிட்டால், அந்த ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் தீர்ப்பாயத்துக்கு வர வேண்டும். பதில் வந்தால், அந்த உத்தரவின் தேதியிலிருந்து ஓராண்டு. அடுத்தடுத்து அனுப்பும் மனுக்கள் இந்தக் கணக்கைத் தள்ளிப்போடாது, 1989-லேயே எஸ்.எஸ். ரத்தோர் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கிவிட்டது. உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் போனால் ஆறு மாதம் நிறைகிறது. அதன் பிறகு ஓராண்டு இருக்கிறதே என்று நிதானமாக இருந்துவிடாதீர்கள். காலியான அந்த இரண்டு இடங்களும் அடுத்த தேர்வு அறிவிப்பில் சேர்க்கப்பட்டு வேறு இருவர் வந்து உட்கார்ந்துவிட்டால், யாருக்கும் இழப்பில்லை என்ற உங்கள் முதன்மையான வாதம் போய்விடும்.

தேர்வான ஏழு பேரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கச் சொன்னால் பலர் தயங்குவார்கள். அவர்களோடு தினமும் ஒரே ரிலே அறையில் வேலை பார்க்க வேண்டியிருக்கிறதே என்ற சங்கடம். புரிகிறது. ஆனால் தீர்ப்பு அவர்களுடைய தரவரிசையைத் தொடக்கூடும் என்பதால், அவர்களைக் கேட்காமல் உத்தரவிட முடியாது என்று மனு தள்ளுபடியாகும் அபாயம் இருக்கிறது. சேருங்கள். அவர்களில் எவருடைய தேர்வையும் நீங்கள் எதிர்க்கவில்லை என்று மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வழக்குப் போடும் முன் அவர்களிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நோட்டீஸ் வரும் நாளில் முகம் சுளிப்பது குறையும்.

எம்.பி. கடிதமும் வாட்ஸ்அப்பும் பற்றிச் சுருக்கமாக: இரண்டும் வேண்டாம். ரயில்வே பணியாளர் நடத்தை விதிகள், 1966, பணி விவகாரத்தில் வெளியார் செல்வாக்கைப் பயன்படுத்துவதைத் தடை செய்கின்றன; நிர்வாகத்தைப் பொதுவெளியில் விமர்சிப்பதற்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. கேள்விப் பிழைக்காக நியாயம் கேட்டுப் போன நீங்கள், குற்றக் குறிப்பாணைக்குப் பதில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். பதவி உயர்வுக்கு முன்னால் ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால், வழக்கை வென்றாலும் உத்தரவு கையில் வர ஆண்டுகள் ஆகலாம். கடிதத்தின் கடைசியில், யாரோ வேண்டுமென்றே இந்தக் கேள்வியை வைத்தார்கள் என்ற தொனியில் இரண்டு வரிகள் எழுதியிருக்கிறீர்கள். மனுவில் அது வரவே கூடாது. உள்நோக்கத்தைக் குற்றம் சாட்டினால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் ஏறும்; உங்கள் வழக்குக்கு அது தேவையும் இல்லை.

அடுத்த தேர்வு அறிவிப்பு வந்தால், வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். நிலுவையில் உள்ள வழக்கின் உரிமைக்குப் பாதகமில்லாமல் விண்ணப்பிப்பதாக ஒரு கடிதம் கொடுத்துவிட்டு எழுதுங்கள். அதில் தேர்ச்சி பெற்றால், இந்த வழக்கில் மிஞ்சுவது பணிமூப்பு மட்டும்தான். அதற்காகத் தொடர்வதா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

துறைத் தேர்வுகளையும் ரயில்வே தேர்வு வாரியமே கணினி வழியில் நடத்தும் என்று 2025 மார்ச்சில் ரயில்வே அமைச்சகம் முடிவெடுத்திருப்பதால், இனி இப்படிப்பட்ட சிக்கலைச் சந்திப்பவர்கள் ஆட்சேபணைக் காலத்தைக் கண்ணில் வைத்துக்கொள்வது முக்கியம். வாரியத்தின் ஆட்சேர்ப்புத் தேர்வுகளில் ஒரு கேள்விக்கு 50 ரூபாயும் வங்கிக் கட்டணமும் கட்டி ஆட்சேபணை தெரிவிக்கலாம். ஆட்சேபணை சரியென்றால் பணம் திரும்ப வரும். யார் போட்டிருந்தாலும் நீங்களும் போடுங்கள். விதி எண்ணையும் வாசகத்தையும் எழுதுங்கள். “என் விடையே சரி” என்று மட்டும் எழுதிய ஆட்சேபணை எவர் கண்ணிலும் நிற்காது.

தேர்வறைக்குள்ளேயே ஒரு கேள்விக்கு இரண்டு விடை சரியாகப்பட்டால், கண்காணிப்பாளரிடம் வாதாடிப் பயனில்லை. அவரால் திரையில் ஒரு எழுத்தைக் கூட மாற்ற முடியாது. அந்தக் கேள்வியைக் குறியிட்டுவிட்டு மற்றவற்றை முடியுங்கள். பிறகு திரும்பி வந்து, கேள்வியில் எந்தச் சொல்லாவது சூழலைக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டவில்லை என்றால் விடுவதா, எழுதுவதா என்பது உங்கள் கணக்கு. ஆனால் எழுதாமல் விட்டவர், கேள்வி குழப்பம் என்று பின்னர் வாதாடி மதிப்பெண் பெறுவது மிகக் கடினம். வெளியே வந்தவுடன் கேள்வியையும் நான்கு விடைகளையும் நினைவிருக்கும்போதே எழுதித் தேதி போட்டு வையுங்கள். விடைப்பதிவுத் தாளை இணையத்தில் வெளியிடும்போது அன்றே தரவிறக்கிக்கொள்ளுங்கள். சில நாள்களில் அந்த இணைப்பை எடுத்துவிடுவார்கள்.